ஆவன்னாவின் சுழி

தூக்கிப் பார்க்கக் கூடாது. அலுமினியத் தாளால் மூடியாயிற்று, டைமரை முப்பது நிமிடத்துக்கு வைத்தாயிற்று, இனி அது அடிக்கும்வரை அந்தத் தட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வெளிச்சம் பட்டால் நிறம் கெட்டுவிடும் என்று சோதனைக் கிட்டோடு வந்த குறிப்புத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் ஓரத்தை மட்டும், நகக்கண் அளவு, ஒரே ஒரு நொடி தூக்கினால் என்ன கெட்டுவிடப் போகிறது. கூடாது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். ஸ்டூல் ஆடுகிறது. கால் அடியில் மடித்து வைத்திருந்த ஃபில்டர் தாள் நழுவியிருக்கும், குனிந்து சரிசெய்யலாம், குனிந்தால் தட்டு கண்ணுக்கு நேராக வரும், வேண்டாம், ஆடட்டும். மணி இரண்டு ஐம்பது. மூன்று இருபதுக்கு டைமர் அடிக்கும். நான்கு மணிக்கு சாருலதா மேடம், இந்த ஆய்வகத்தின் தலைவர், என் வழிகாட்டி, மூன்று கதவு தள்ளியிருக்கும் தன் அறையில் உட்கார்ந்து எங்கள் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பும் பொத்தானை அழுத்துவார். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. மகுடேஸ்வரி. பெயரின் எழுத்துகளை மட்டும் பதினோரு முறை சரிபார்த்திருக்கிறேன், மற்றவற்றை அப்படிச் சரிபார்த்தேனா என்பதுதான் இந்தத் தாளுக்கு அடியில் இருக்கிறது. தட்டில் நான்கு வரிசை. முதல் இரண்டு வரிசையும் போன வாரம் புதிதாகத் தயாரித்த கரைசல்களுக்கு, கடைசி இரண்டும் ஜனவரி மாதத்துக் குழாய்களுக்கு. எந்தக் குழி அதிகம் நீலமாகிறதோ அதில் ஹார்மோன் அதிகம். அவ்வளவுதான். படிக்காதவர்கள்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். என் அம்மா சொல்லிவிடுவாள். அதனால்தான் பயமாக இருக்கிறது, விளங்காத ஒன்றாக இருந்தால் விளங்கவில்லை என்று இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். இருபத்தெட்டு நிமிடம்.

மூக்கின் வேருக்குப் பின்னால், மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் ஒன்று தொங்குகிறது, பிட்யூட்டரி. எனக்கும் தொங்குகிறது, இந்த நொடியிலும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது அல்லது செய்யாமல் இருக்கிறது. அதில் ஒரு வகைச் செல்கள்தான் கருமுட்டையை வளரச் சொல்லும் ஹார்மோனைச் சுரப்பவை, எப்.எஸ்.எச். என்பார்கள். மேலே மூளையிலிருந்து அவற்றுக்கு ஒரு கட்டளை சொட்டுச் சொட்டாக இறங்கும். சொட்டைவிட, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் முக்கியம். தொடர்ந்து ஊற்றினால் செல் காதை மூடிக்கொண்டுவிடும், எங்கள் விடுதி வார்டனின் மைக் மாதிரி, அது என்ன சொல்கிறது என்று இரண்டாம் வாரத்துக்கு மேல் யாருக்கும் கேட்பதில்லை. மூன்று வருடமாக நான் செய்ததெல்லாம் அந்தச் சொட்டைக் கையால் விடுவதுதான். எலியின் பிட்யூட்டரிச் செல்கள் தட்டின் அடியில் ஒட்டிக் கிடக்கும், மேலே ரோஜா நிறத்தில் ஊட்டநீர். ஐந்து நிமிடம் மூளை ஹார்மோன், பிறகு கழுவல், பிறகு காத்திருப்பு, மறுபடியும் ஐந்து நிமிடம். இரண்டு மணிக்கொரு முறை விட்டால் மெதுத் துடிப்பு, அரை மணிக்கொரு முறை விட்டால் வேகத் துடிப்பு. வேகத் துடிப்பு நாட்களில் காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை நான் தண்ணீர் குடிப்பதில்லை, குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். இதோடு ஆக்டிவின் என்ற சமிக்ஞைப் புரதத்தையும் சேர்ப்போம். அது செல்லின் தோலில் வந்து தட்டும், உள்ளே ஸ்மாட் என்ற இன்னொரு புரதம் தட்டலைக் கேட்டு உட்கருவுக்கு ஓடி, எப்.எஸ்.எச். செய், இன்னும் செய், என்று சொல்லும். ஆக்டிவின் கூட்டும். எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான். மெதுத் துடிப்பில் எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. வேகத் துடிப்பில் மட்டும் தலைகீழாக வந்தது, ஆக்டிவின் போட்ட செல்களில் எப்.எஸ்.எச். குறைந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் குறைந்தது. மேடம் எண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கட்டுரையின் நான்காவது படத்தில் ஆக்டிவினிலிருந்து ஹார்மோனுக்குப் போகும் அம்புக்குறியின் தலையை அவரே அழித்து, அங்கே ஒரு குறுக்குக்கோடு போட்டார், தடை என்று பொருள். சிவப்பில் போட்டார். ஏன் தலைகீழாகிறது என்பதற்கு நான் இரண்டு பக்கம் காரணம் எழுதினேன். வேகத் துடிப்பில் ஸ்மாட் களைத்துவிடலாம், வழியில் வேறொரு புரதம் அதை மறிக்கலாம். நல்ல காரணங்கள். நடக்காத ஒன்றுக்கு எவ்வளவு நல்ல காரணம் எழுத வருகிறது எனக்கு. நடக்காத என்று யார் சொன்னது, இன்னும் தெரியாது, இன்னும் இருபத்துமூன்று நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஏன் நடக்காத என்று எழுதுகிறாய், சரி, நடக்காமல் இருந்திருக்கக்கூடிய.

எழுத்து. எல்லாம் ஓர் எழுத்தில் வந்தது. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். ஆய்வகத்துக்கு வந்த புதிதில் குழாய்களின் தலையில் ஆங்கில எழுத்துதான் போட்டேன், ஆனால் இங்கே ஆறு பேர் வேலை செய்கிறோம், ஃப்ரீஸரில் பாதிக் குழாய்கள் ஒரே எழுத்தோடு நிற்கும், ஒருமுறை வேறொருவருடைய குழாயை என்னுடையது என்று எடுத்து ஒரு வாரத்து வேலையைக் கெடுத்தேன். அதற்கப்புறம்தான் தமிழ் எழுத்து. தமிழில் எழுதினால் யாரும் என்னுடையதைத் தொட மாட்டார்கள், நானும் அடுத்தவருடையதைத் தொட மாட்டேன். ஆக்டிவினுக்கு ஆவன்னா. ஆக்டிவின் இல்லாத வெறும் கரைசலுக்கு ஆனா, அடிப்படை என்று வைத்துக்கொண்டேன். ஜெரால்டு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, என்ன மகுடம், ஆவின் பாலா, அரை லிட்டர் எனக்கும் எடுத்து வை என்றார். அவர் தூத்துக்குடிக்காரர், எனக்கு நான்கு வருடம் மூத்தவர், என்னை மகுடம் என்றுதான் கூப்பிடுவார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர்களிடம் மேடம் அந்தக் குழாய்களைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு கவனமான பெண் என்றார். கவனமான பெண். ஜனவரியில் வேகத் துடிப்புக்காகப் புதிதாக எட்டுக் குழாய் தயார் செய்தேன், ஆனா நான்கு, ஆவன்னா நான்கு, ரேக்கில் இரண்டு வரிசையாக. சுத்தப் பெட்டிக்குள் வைக்குமுன் ஆல்கஹால் தெளிக்க வேண்டும், தெளித்தேன், அதிகமாகத் தெளித்தேன், அதுவும் கவனத்தில்தான். மார்க்கர் மை கரைந்தது. எல்லா எழுத்தும் கரையவில்லை, ஓரத்திலிருக்கும் சுழி மட்டும் கரைந்தது. ஆவன்னாவுக்கும் ஆனாவுக்கும் வித்தியாசம் கீழே வலப்பக்கம் இழுக்கிற அந்த ஒரு சுழிதானே. எட்டும் ஆனாவாக நின்றன. உள்ளே எட்டிலும் நிறமில்லாத தண்ணீர். நான் பதறவில்லை. பதறியிருக்க வேண்டும். இடது வரிசைதான் ஆவன்னா என்று எனக்குத் தெரியும், நான்தானே வைத்தேன், மார்க்கரை எடுத்து இடது வரிசை நான்குக்கும் சுழி இழுத்தேன். பத்து நொடி வேலை. நோட்டில் எழுதவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஜெரால்டு அண்ணன் என் ரேக்கைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத் தன் ஃபிளாஸ்கை எடுத்தார், பிறகு ரேக்கைத் திரும்ப வைத்தார். அப்படியே வைத்தாரா, திருப்பி வைத்தாரா. பழைய மெதுத் துடிப்பு வேலை முழுதும் வேறு குழாய்களில் செய்தது, அதில் சிக்கல் இல்லை. வேகத் துடிப்பு மட்டும்தான் இந்த எட்டில். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஒரே பதில் என்று எல்லாரிடமும் சொன்னேன். மூன்று முறையும் ஒரே வரிசைக் குழாய். தப்பாக எழுதிய முகவரிக்கு மூன்று கடிதம் போட்டால் மூன்றும் ஒரே வீட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே மேசை, மேசைமேல் பனியன் குவியல், ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை, எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வரும்போது முந்தானையிலும் முழங்கையிலும் அம்பு ஒட்டியிருக்கும், அப்பா, உன்ற மேல என்ன குத்தம் கண்டாங்கொ என்று கேட்டுவிட்டுப் பிய்த்துப் போடுவார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் வந்து சொன்னாள், சரக்கு இன்றைக்கே கப்பலுக்குப் போக வேண்டும், ஒட்டின அம்பையெல்லாம் பிய்க்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர், மத்தியானம் முழுக்கப் பிய்த்தோம் என்று. நான் கேட்டேன், ஓட்டை இருக்குமே அம்மா. "போச்சாது உடு கண்ணு. அக்குள்ல ஒரு ஓட்டை இருந்தா வெள்ளக்காரனுக்குக் காத்து வரும்" என்றாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எங்கிருந்து வருகிறது. போச்சாது. எங்கள் ஊர்ச் சொல், போனால் போகிறது, பரவாயில்லை, மேலே ஆகிற வேலையைப் பார் என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். மேடத்துக்குப் புரியாது, அவர் சென்னை. ஜெரால்டு அண்ணனுக்கும் புரியாது. இந்த அறையில் அதைப் புரிந்துகொள்ளும் ஒரே ஆள் நான்தான், அதனால் அது என் காதுக்குள்ளேயே சுற்றுகிறது, போச்சாது போச்சாது, ஒரு படம்தானே, ஆறு படத்தில் ஒன்று. நேற்று ஞாயிற்றுக்கிழமை, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அம்மா கூப்பிட்டாள். பேப்பர் எப்போது வருகிறது கண்ணு என்றாள். எந்தப் பேப்பரில் வரும், டீக்கடையில் போடுகிற பேப்பரிலா, அப்பா ஏற்கெனவே டீக்கடையில் சொல்லி வைத்துவிட்டாராம், என்ற புள்ள பேரு வருது, அன்னைக்குப் பேப்பர எவனும் பஜ்ஜி மடிக்கக் கிழிக்கப்படாது என்று. அந்தப் பேப்பர் இல்லை அம்மா என்று சொன்னேன். சரி சரி எதுவோ ஒண்ணு என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தலைக்குக் குளிச்சியா இந்த மாசம் என்று கேட்டாள். குளித்தேன் என்றேன். பொய். இருபத்திரண்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது. எனக்குத் தெரியும் ஏன் என்று, பாடமே எடுப்பேன், பயம் வந்தால் மேலே மூளையிலிருந்து விழும் சொட்டு தடுமாறும், இடைவெளி கலையும், கீழே செல்கள் எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும். என் பட்டாணிக்கு யாரும் தட்டு வைத்து அளக்கவில்லை, ஆனாலும் அது ஆறு நாளாக, இல்லை அதற்கு முன்பிருந்தே, ஜனவரியிலிருந்தே, எனக்கு முன்னாடியே அதற்குத் தெரியுமா.

ஆறு நாள். போன செவ்வாய்க்கிழமை கட்டுரைக்காக எந்தெந்தக் குழாய் எந்தத் தேதி என்று பட்டியல் எடுத்தேன். ஃப்ரீஸர் பெட்டியில் எட்டில் கடைசி இரண்டு மிச்சமிருந்தன. பனி படிந்திருந்தது, ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்தேன், துடைத்ததும் ஒரு குழாயின் சுழி என் கையுறையில் வந்துவிட்டது. நீலக் கையுறையில் கறுப்பாக ஒரு சின்ன வால். கையில் இரண்டு ஆனா. எது போன நொடிவரை ஆவன்னாவாக இருந்தது என்று தெரியும், உடனே அதன்மேல் ஒரு டேப்பைச் சுற்றிவிட்டேன், ஆனால் அந்த வாலைப் பார்த்த நொடியில் ஜனவரி முழுதும் திரும்பி வந்தது, ஆல்கஹால் வாடையோடு, ஜெரால்டு அண்ணன் கை ரேக்கைத் தூக்குவதோடு. மறந்திருந்தேன் என்று சொன்னால் அது சரியில்லை. நினைக்காமல் இருந்தேன். அன்று மத்தியானம் கேண்டீனில் அண்ணனிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன், ஜனவரியில் என் ரேக்கை நகர்த்தினீர்களே, அதே பக்கமாகத்தான் வைத்தீர்களா. அவர் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, ரேக்குக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எல்லா பேப்பர்லயும் ஒரு பேய் உண்டு மகுடம். ஃப்ரீஸர்ல வச்சுப் பூட்டிட்டு டிகிரிய வாங்கிட்டுப் போயிரணும்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். கேலி என்றால் ஏன் சால்னாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வியாழனன்று செல்களைத் தட்டில் விட்டேன். நேற்று யாருமில்லாத ஆய்வகத்தில் இருபது முறை துடிப்பு விட்டேன், புதிய ஆக்டிவின், புதிய வெறும் கரைசல், ஜனவரி ஆனா, ஜனவரி ஆவன்னா. இன்று காலை அந்த ஊட்டநீரை எடுத்து, அளக்கும் இந்தத் தட்டில் விட்டேன். ஜனவரி குழாய்கள் இரண்டும் தீர்ந்துவிட்டன, இனி இன்னொரு முறை செய்ய முடியாது. மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. கூடுதலாக ஒரு முறை செய்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நல்லது என்றார், வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வருகிறது, அதற்குள் கட்டுரை போய்விட்டால் உனக்குப் பெரிய பலம் என்றார். வெள்ளிக்கிழமைதான் நான் தொடரலாமா கூடாதா என்று ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அவர்கள் முன்னால் வைக்க என்னிடம் இருப்பது அந்த நான்காவது படம் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் நான் மூன்று வருடம் தண்ணீர் குடிக்காமல் இருந்த ஒரு பெண்.

பதினாறு நிமிடம். நிறம் சரியாக வந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. புதிய ஆக்டிவினும் குறைத்து, ஜனவரி ஆவன்னாவும் குறைத்தால், நான் சரியாகத்தான் சுழி இழுத்திருக்கிறேன், படம் சரி, அம்பு சரி, டீக்கடை சரி. அப்போது அந்தப் பத்து நொடியை நான் மட்டும் சுமந்துகொண்டு போகலாம், பாரம் ஒன்றும் அதிகமில்லை. நிறம் தப்பாக வந்தால் சொல்லிவிடுவேன். கட்டாயம் சொல்லிவிடுவேன். மூன்று இருபதுக்கும் நான்குக்கும் நடுவில் நாற்பது நிமிடம் இருக்கிறது, ஒரு வாக்கியம் சொல்ல அது தாராளம். நேர்மையான திட்டம். ஆறு நாளாக இந்தத் திட்டத்தோடுதான் தூங்குகிறேன், ஆறு நாளாக இதில் ஏதோ உறுத்துகிறது, செருப்புக்குள் கல் மாதிரி, எடுத்துப் பார்த்தால் கல் இல்லை, போட்டு நடந்தால் இருக்கிறது. நிறம் தப்பாக வந்தால் சொல்வேன். அப்படியென்றால் சொல்வது யார், நானா, நிறமா. நிறம் சொல்லச் சொன்னால் சொல்வேன், சும்மா இரு என்றால் சும்மா இருப்பேன். சுழியை மறுபடி இழுத்தேன், நோட்டில் எழுதவில்லை, இது நிறம் என்னவானாலும் நடந்த ஒன்றுதானே. நிறம் சரியாக வந்தால் அது நடக்காமல் போய்விடுமா. சரி, இன்னொன்று. தப்பாக வந்த பிறகு சொல்வேன் என்று எனக்கு என்ன உறுதி. தப்பாக வந்ததும் ஒரு காரணம் வரும், எனக்குக் காரணம் நன்றாக வரும், இரண்டு பக்கம் எழுதியவள் நான். ஜனவரி குழாய் ஏழு மாதம் ஃப்ரீஸரில் கிடந்து வீரியம் போயிருக்கும், அதனால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. பார், வந்துவிட்டது. எவ்வளவு அழகாக வந்தது. இதை இப்போதே, நிறம் தெரிவதற்கு முன்பே, நான் தயாராக வைத்திருக்கிறேன், சட்டைப்பையில் மடித்து வைத்த தாள் மாதிரி. கன்னம் சூடாகிறது. ஏசி சொட்டுகிறது, வாளியில், சொட்டு, இடைவெளி, சொட்டு. ஜன்னலுக்கு வெளியே யாரோ பைக்கை உதைக்கிறார்கள், பிடிக்கவில்லை, மறுபடி உதைக்கிறார்கள். பதிமூன்று நிமிடம். தெரியாமல் இருக்கும்போது மட்டும்தான் அதைச் சொல்ல முடியும். தெரிந்துவிட்டால் பிறகு நான் சொல்வது வேறெதோ ஒன்றாகிவிடும், நல்ல செய்தி அல்லது மன்னிப்பு. அது இல்லை நான் சொல்ல வேண்டியது.

நோட்டை எடுக்கிறேன். ஆய்வக நோட்டில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், எழுதுகிறேன், குழாய்களின் குறி மறுபடி இடப்பட்டது என்று வாக்கியம் முடிகிறது. இட்டவள் யார் என்று அந்த வாக்கியத்துக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நல்ல ஆங்கிலம், மேடம் ஒரு திருத்தம்கூடப் போட மாட்டார். அதன்மேல் கோடு போட்டு அடிக்கிறேன். தமிழில் எழுதுகிறேன். ஜனவரி பதினேழு, ஆல்கஹாலில் சுழி அழிந்தது, இடது வரிசைதான் ஆவன்னா என்று நம்பி நான் மறுபடி இழுத்தேன், ரேக் திரும்பியிருக்கலாம், அன்று இதை நான் எழுதவில்லை. இன்றைய தேதி. மணி மூன்று பத்து. நிறம் பார்க்கும் முன். கையெழுத்து. பேனா மூடி கீழே விழுந்து உருண்டு சென்ட்ரிஃப்யூஜுக்கு அடியில் போய்விட்டது, போகட்டும். டைமரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறேன், நோட்டு கையில், மூன்று கதவு. முதல் கதவு குளிர் அறை, இரண்டாவது ஜெரால்டு அண்ணன் இருக்கும் அறை, அவர் தலை தூக்கிப் பார்த்தது தெரிகிறது, மூன்றாவது. தட்டுகிறேன். செல்லின் தோலில் புரதம் தட்டுவதுபோல என்று ஒரு நினைப்பு வந்து, சீ, இப்போதா அது. வா மகுடா என்கிறார் மேடம். திரையில் கட்டுரையின் முதல் பக்கம். அதில் என் பெயர். ஆங்கிலத்தில் சொல்லத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். தமிழில் சொன்னேன், எழுத்தை, ஆல்கஹாலை, இடது வரிசையை, பத்து நொடியை, ஆறு நாளை. நோட்டைத் திறந்து வைத்தேன். அவர் படித்தார். தமிழில் இருந்ததால் மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"தட்டு எங்கே?"

"மேசைமேல இருக்கு மேடம். இன்னும் ஏழு நிமிஷம்."

"ஏழு நிமிஷம் பொறுத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்குமே. ஒருவேளை எல்லாம் சரியா இருந்திருக்கும். அப்ப இதைச் சொல்லவே வேண்டாமே."

"அதனாலதான் மேடம் இப்பவே வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை, கோபம் என்றால் எனக்கு அடையாளம் தெரியும், இது தெரியாத முகம். பிறகு லேப்டாப்பை மூடினார், பொத்தென்று மூடவில்லை, தூங்குகிற குழந்தை இருக்கிற அறையின் கதவைச் சாத்துவதுபோல். எழுந்தார். நேற்று உன்னோடு யார் இருந்தார்கள் என்று நடந்துகொண்டே கேட்டார். யாருமில்லை என்றேன். இருபது துடிப்பும் தனியாகவா என்றார். ஆமாம் என்றேன். ஆய்வகத்தில் அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார், அது ஆடும் என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் ஆடிவிட்டது, காலை ஊன்றிக்கொண்டார். இரண்டு பேரும் அலுமினியத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வினோதமாக, அந்த நான்கு நிமிடத்தில் எனக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

டைமர் என் பைக்குள் அடித்தது. தாளை எடுத்தேன். அமிலத்தை விட வேண்டும், விட்டதும் நீலம் மஞ்சளாகி அப்படியே நின்றுவிடும், எந்த வரிசையில் தொடங்கினேனோ அதே வரிசையில், அதே வேகத்தில். மேடம் நொடி எண்ணினார், எனக்காக, வாய்விட்டு. முதல் வரிசை, புதிய வெறும் கரைசல், வெளிறிய மஞ்சள். இரண்டாவது, புதிய ஆக்டிவின், அடர் மஞ்சள், கடுகெண்ணெய் மாதிரி. வேகத் துடிப்பிலும் ஆக்டிவின் கூட்டத்தான் செய்கிறது. புத்தகத்தில் இருப்பதுபோல, எல்லாருக்கும் வருவதுபோல. மூன்றாவது வரிசை, ஜனவரி ஆனா, எதுவும் இல்லாதது என்று நான் எழுதியிருந்தது, அடர்ந்து நின்றது. நான்காவது, டேப் சுற்றிய ஆவன்னா, வெளிறிக் கிடந்தது. கருவியில் வைத்து எண் எடுக்க வேண்டும், எடுப்போம், ஆனால் எண் எதற்கு, பனியனில் ஓட்டையைப் பார்ப்பதுபோல் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. என் காதில் போச்சாது என்று எதுவும் கேட்கவில்லை. போச்சு என்று மட்டும் கேட்டது, மிச்ச எழுத்து வரவில்லை.

மேடம் ஐஸ் கிண்ணத்திலிருந்து டேப் சுற்றிய காலிக் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கமிட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே."

"சரி மேடம்."

"தமிழ்லயே சொல்லு. கேட்கட்டும்."

அவர் போய்விட்டார். படத்தை எடுத்துவிடுவாரா, என்னையா, தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருக்கிறது. பயம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் செருப்புக்குள் கல் இல்லை, நடந்து பார்த்தேன், இல்லை. புதிய ஆக்டிவின் குழாய்கள் எட்டும் ஐஸில் நின்றன, மேலே வெறும் எண்கள். லேபிள் தாளை எடுத்து, மார்க்கரை விட்டுவிட்டுப் பென்சிலால் எழுதத் தொடங்கினேன், பென்சிலை ஆல்கஹால் தொடாது. ஓர் எழுத்தோடு நிறுத்தவில்லை. ஆக்டிவின் என்று முழுதாக எழுதினேன், எட்டு முறை, ஒவ்வொரு முறையும் சுழியில் வந்ததும் கை கொஞ்சம் நின்றது, பிறகு இழுத்தது.